நான் என்று தட்டினால்

தலைக்கு ஐந்து படம் இலவசம்.
ஆறாவதற்குக் காசு கேட்கும்.
எங்கள் அறையில் ஏழு கட்டில்,
ஆகவே சனையா முப்பத்தெட்டாம் தெருவில்
வியாழன் இரவு ஒன்பதரை மணிக்கு
நாங்கள் முப்பத்தைந்து படங்களின் முதலாளிகள்.

ஏழாவது கட்டில் மெஸ் கோலப்பன்.
அவருக்கு மெயில் ஐடி கிடையாது.
ஐந்து படம் வீணாகலாமா,
உட்காரவைத்து ஒன்று திறந்தோம்.
பாஸ்வேர்ட் என்ன வைக்கலாம் என்றதற்கு
'உப்பு கம்மி' என்றார்.
பதினோரு வருடமாக அவர் மறக்காத சொல் அதுதானாம்.

முதலில் கிரேன் ஓட்டும் ஒட்டகம்.
அப்புறம் அதே ஒட்டகத்தை நிறுத்தி
பத்தாக்கா கேட்கும் போலீஸ்.
அட்டையில் ஒட்டகத்தின் பெயர்
எந்த நாட்டிலும் இல்லாத எழுத்தில் இருந்தது.
"என்னோடதும் கிட்டத்தட்ட இப்படித்தான்"
என்று தன் அட்டையை எடுத்துக் காட்டினான் சவரிராயன்.

எழுதித் தருகிற இன்னொன்றிடம்
பாலைவனம் பற்றிக் கவிதை கேட்டான் இஸ்மத்து.
நாலு நொடிதான்.
பொன்மணல் வானத்தை முத்தமிடுகிறது என்றது.
அந்தப் பொன்னைத்தான் தினமும் சாயங்காலம்
தீக்குச்சியால் காதிலிருந்து தோண்டுகிறோம்.
ஃபோர்மேனுக்கு லீவு லெட்டர் எழுதச் சொன்னான்.
'மாண்புமிகு மேற்பார்வையாளர் அவர்களின் திருச்சமூகத்துக்கு'
என்று தொடங்கியது.
மேற்கொண்டு படிக்க விடாமல் சிரிப்பு.

கோலப்பன் முறை.
புளிக்குழம்பு வேண்டும் என்றார்,
மண்சட்டியில், ஆவி பறக்க.
சவரிராயன் போனில் தமிழ் கீபோர்டு இல்லை,
இங்கிலீஷ் எழுத்தில் தட்டிவிட்டான்.

புலி வந்தது.
சட்டிக்குள் கழுத்துவரை குழம்பில் உட்கார்ந்து,
வெந்நீர்க் குளியல்போலக் கண்ணை மூடிக்கொண்டு,
மீசையில் ஒரு கறிவேப்பிலை.

கோலப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.
"இன்னும் ஒரு கொதி வரணும்" என்றார்.

பிறகு யாரும் வேண்டியதைக் கேட்கவில்லை.
எதைக் கேட்டால் எது வரும் என்பதே ஆட்டம்.
ஏசி மேல் பல்லி கேட்டோம்,
ஏசி மேல் ஒரு பள்ளிக்கூடம், வாசலில் மணியோடு.
பக்கத்து அறை பங்காளிகள் சுவரைத் தட்டினார்கள்.
அவர்களுக்கும் அந்தப் புலியை அனுப்பினோம்.
தட்டுவது நின்றது. அங்கே சிரிப்பு கேட்டது.

முப்பத்தைந்தாவது என்னுடையது.
'நான், பதினெட்டாம் மாடி, சாரத்தின் மேல்' என்று
நானும் இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டினேன்.

ஒரு ரொட்டி நின்றது.
நல்ல தந்தூரி நான், ஓரங்களில் கருகல்,
மஞ்சள் ஹெல்மெட், ஆரஞ்சு ஜாக்கெட்,
கையும் காலும் எங்கிருந்து முளைத்தன தெரியவில்லை.
பின்னால் நீலக் கடல்,
எங்கள் சைட்டிலிருந்து தெரியாத கடல்.

சேஃப்டியில் இருக்கும் ஞானதுரை
படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினான்.
பெல்ட் இருக்கிறது.
கொக்கி எதிலும் மாட்டவில்லை, சும்மா தொங்குகிறது.
"யாருடா இந்த ஆளு? ஃபைன் போடணும்."
"நான்."
"நான்தான்னு தெரியுது. பேரு என்ன?"
இஸ்மத்து கட்டிலிலிருந்து உருண்டே விழுந்தான்.

இன்றைய இலவசம் முடிந்தது, நாளை வாருங்கள் என்றது திரை.

லைட்டை அணைத்தபின்
படத்தை மல்லிகாவுக்கு அனுப்பினேன்.
'இது யாரு?'
'நான்.'
இரண்டு நீல டிக்.
வெகுநேரம் எழுதுகிறாள் எழுதுகிறாள் என்று காட்டிவிட்டு
'கொக்கிய மாட்டச் சொல்லுங்க'
என்று வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆப்கானி கடை.
நாலு நான் என்று கேட்கும்போது
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவன் ஏன் என்று கேட்கவில்லை,
விடிந்ததிலிருந்து அடுப்பெதிரே நிற்பவன்.
உள்சுவரில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டிருந்ததை
நீளக் கம்பியின் கொக்கியில் மாட்டி
ஒவ்வொன்றாக மேலே இழுத்தான்.

ஒன்றுகூடக் கீழே விழவில்லை.