ஏழாம் எண் துண்டு

ஜிந்தேர் நகருக்கு வடக்கே, லாரி போகும் மண்தடம் முடிகிற இடம்.
அந்தத் தரைக்கு எங்கள் ஹவுசாவில் ஃபாக்கோ என்று பெயர்.
மழை விழுந்தால் தகரத்தில் விழுந்த மாதிரி
சத்தம் மட்டும் கேட்கும்.
ஊறாது, நிற்காது,
வந்த தண்ணீர் கையை வீசிக்கொண்டு போய்விடும்.

பன்னிரண்டு துண்டாகப் பிரித்தோம்.
அளவுநாடாவின் ஒரு முனை என் கையில்.
நியாமேயிலிருந்து வந்த ஹசூமி எண் எழுதிய பலகைகளை நட்டார்.
நெதர்லாந்துக்காரி வீட்ஸ்கே குனிந்து
மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தாள்.
"பைத்தியமா?" என்றாள் தெலு.
"படிப்பு" என்றேன்.

பெண்கள் எண்பது பேர்
மேட்டைப் பார்த்து வாய் திறந்த பிறைகளாகக்
குழி வெட்டினார்கள்.
ஒருத்திக்கு நாளுக்கு மூன்று பிறை.
கடப்பாரை பட்ட இடத்தில் பொறி பறந்தது.
ஏழாம் எண்ணை மட்டும் தொடவில்லை.
மற்றவை தேறியதா என்று தெரிய
ஒருத்தி மருந்தில்லாமல் கிடக்க வேண்டும்,
அதுதான் முறை என்றார் ஹசூமி.

அப்புறம் கேள்வித்தாள்.
அதில் எனக்குப் பிடிபடாத ஒரு சொல்: சூழல் சேவைகள்.
இரண்டு இரவு யோசித்து மொழிபெயர்த்தேன்.
"கவோ மரம் உங்களுக்கு என்னென்ன சேவை செய்கிறது?"
தெலு சிரித்த சிரிப்பில்
முதுகுக் குழந்தை விழித்துக்கொண்டது.
"சேவை செய்ய மரமென்ன மருமகளா?"
அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது?
"பதில் இல்லை" என்று எழுதினேன்.
அது பொய்.

மூன்று மழை போனது.
பிறைகளில் கம்பு வந்தது,
இடுப்பளவு, சில இடத்தில் தோளளவு.
வரைபடத்தில் கோடுகள் ஏறின.
ஏழாம் எண்ணின் கோடு
எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு ஏறியது.

ஹசூமி கருவியைத் தட்டிப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"யாராவது ராத்திரி வந்து தண்ணீர் ஊற்றினார்களா?"
எண்பது பெண்களும் சத்தியம் செய்தார்கள்.
குடிக்கவே தலைச்சுமையில் வரும் தண்ணீர்;
அதைத் திருட்டுத்தனமாக ஊற்றுவார்களா யாராவது?

நடந்தது தெரிந்தபோது
நாங்கள் பால் வாங்கிக்கொண்டிருந்தோம்.
ஃபுலானிப் பெண் ஹவ்வோய்,
சுரைக்குடுவையிலிருந்து ஊற்றியபடி, நிமிராமலே சொன்னாள்:
"அறுவடை முடிந்து தெற்கே போகையில்
மாடுகள் அங்கேதான் படுக்கும்.
மற்ற இடமெல்லாம் நீங்கள் குழி வெட்டிவிட்டீர்களே,
கன்றின் கால் முறியாதா?"

நூற்று முப்பது மாடு.
ஆளுக்கு நாலு குளம்பு, ஓடுபோன்ற தரையை உடைக்க.
வழியெல்லாம் தின்ற கவோ நெற்று
வயிற்றில் ஊறிச் சாணத்தோடு இறங்க,
அந்த வருஷமே முளைத்த கன்றுகள்
முட்டியளவு நின்றன, முள்ளோடு.

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"
"யார் கேட்டார்கள்?"
கூட்டுக் கலந்தாய்வு என்று நாங்கள் விரித்த பாயில்
ஒன்பது முறை கூடியிருந்தோம்.
குடிபெயர்ந்து போகிறவர்களுக்கு
அழைப்பை எந்த வீட்டுக் கதவில் தட்டிச் சொல்வது
என்று யோசிக்கக்கூட இல்லை.

வீட்ஸ்கே முதலில் அழுதாள், பிறகு கணக்குப் போட்டாள்.
மூன்று வருஷக் கட்டுரையின் பாதி போயிற்று.
பாலுக்கு மட்டும் காசு கொடுத்தோம்.
மாட்டுத்தடத்துக்கு நாற்பது அடி வேண்டும் என்றாள் ஹவ்வோய்;
முப்பது என்றாள் தெலு.
அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை,
ஒருநாள் அடிதடி வரை போனது.

பத்தாவது கூட்டத்தில் ஹசூமி கேட்டார்:
"ஒப்பிட, ஒன்றுமே செய்யாத நிலம் ஒன்று வேண்டுமே?"
ஹவ்வோயின் தம்பி கம்பால் கிழக்கே காட்டினான்,
அந்தக் கரட்டுக்கு அப்பால், யாரும் போகாத இடம்.
"யாரும் போகாததா?" என்றாள் தெலு.
"அங்கேதானே விறகு பொறுக்குகிறோம்."

நான் கேள்வித்தாளைத் திருப்பினேன்,
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
பேனாவால் ஒரு கோடு இழுத்தேன், கோணலாக.
வெளியே ஏழாம் எண் பலகையைப்
பாதி தின்றிருந்தது கறையான்.