முப்பத்தேழாவது விதி

பதினாலாம் கொண்டை ஊசி வளைவில்
சில்வர் ஓக் ஒன்று
கம்பத்தையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது,
இரவு ஒன்பது நாற்பதுக்கு.
கண்ணாடி இழை அறுகிற சத்தம்
அஸ்தம்பட்டி அலுவலகம்வரை கேட்காது.
ஒரு பச்சை விளக்கு சிவப்பாகும், அவ்வளவுதான்.

ஏற்காடு முழுவதற்கும் மிச்சம்
கோரிமேட்டுக் கோபுரத்திலிருந்து
மழைக்குள் புகுந்து போகும் ரேடியோ இணைப்பு.
ஆயிரம் போன வழியில் இனி அறுபது மெகாபிட்.
பங்கு போட வேண்டியவள்
இரவுப் பணியில் தனியாக இருந்த நான்.

தண்ணீர்ப் பங்கு எனக்குப் பழக்கம்.
குகையில் எங்கள் தெருவுக்கு
நாலு நாளைக்கு ஒருமுறை விடுவார்கள்.
முனை வீட்டு ராஜமாணிக்கம் மோட்டார் போட்டு இழுப்பார்,
கடைசி வீட்டில் குழாய் இருமும்.

அன்றிரவு ரிசார்ட்டும் மோட்டார்தான் போட்டது.
ஒரே படத்தை இறக்க
அறுபத்து நாலு இணைப்பு திறந்து
ஒவ்வொன்றும் தனித் தனி ஆளாக வரிசையில் நின்றது.
வரிசையில் தலையை மட்டும் எண்ணும் ரவுட்டருக்கு
அது அறுபத்து நாலு பேர்.
நாகலூர் செவிலி தமயந்தி ஒரே ஆள்.
அவளிடம் ஒருவருடைய நெஞ்சுவலியின் இசிஜி,
இருநூறு கேபி,
ஒரு பாட்டில் கால்வாசிகூட வராது.
நாலாவது முறையும் பாதியில் நிற்கிறது என்றாள்.

வீட்டுக்கு ஒரு வாளி வைத்தேன்.
நொடிக்கு இத்தனை டோக்கன் அதில் சொட்டும்.
வருகிற பொட்டலம் தன் எடைக்கு எடுத்துக்கொண்டு
போகலாம்.
வாளி காலி என்றால்
ஐந்து ரோட்டுப் போலீஸ் மாதிரி கை காட்டாது,
விசில் இல்லை, ரசீது இல்லை,
அப்படியே கீழே போட்டுவிடும்.

ரிசார்ட்டின் பொட்டலங்கள்
விளக்கடியில் ஈசல் போல உதிர்ந்தன.
இசிஜி போய்ச் சேர்ந்தது பத்து இருபத்தெட்டுக்கு.
முதலாளி போனில் கத்தினார்,
"நூறுக்குக் காசு கட்டினவங்கம்மா அவங்க!"
"அறுபதுல நூறு எப்படி சார் எடுக்கிறது?"
வைத்துவிட்டார்.
அன்று எனக்கு என்னைப் பிடித்திருந்தது.
எதிர்க் கடை மூடுமுன் ஓடிப்போய்
ஒரு தட்டுவடை செட்
எனக்கு நானே வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை இழையை ஒட்டினார்கள்.
விதிகளை எடுத்தேன்,
தூக்கக் கண்ணோடு, ஒவ்வொன்றாக.

விழுந்த பொட்டலத்தைப் பற்றி
அனுப்பியவனிடம் யாரும் போய்ச் சொல்வதில்லை.
பதில் வருமா என்று கொஞ்சம் பார்ப்பான்.
பாதையில் நெரிசல் போல என்று தானே முடிவுகட்டி
வேகத்தைப் பாதியாக்கிக்கொள்வான்.
அவனுக்கு அப்படி எழுதி வைத்திருக்கிறது.
சூரமங்கலம் ஹாஸ்டலில்
பரீட்சைக்கு இதைப் படித்தபோது
எவ்வளவு நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

பத்தொன்பது நாள் கழித்து
வேறெதையோ தேடுகையில் கண்ணில் பட்டது
விதி முப்பத்தேழு.
மஞ்சக்குட்டை, சடையன் வீடு.
திட்டம் நாற்பது மெகாபிட்,
வாளி அரை மெகாபிட்.

புகார்ப் பதிவில் தேடினேன். இல்லை.
மாதக் காசு ஐந்தாம் தேதியே கட்டியிருந்தது.

சர்வீஸ் செக்கிங் என்று பொய் சொல்லி அழைத்தேன்.
மகள் எடுத்தாள், பெயர் வெண்ணிலா,
நர்சிங் இரண்டாம் வருஷம்.
"நல்லாத்தாங்க இருக்கு.
வீடியோ மட்டும் வராது, மலைன்னா அப்படித்தானேங்க.
கிளாஸை ஆடியோவுல கேட்டுக்குவேன்.
அந்நேரத்துக்குத் தம்பி போனை
ஆஃப் பண்ணி வாங்கி வெச்சுக்குவேன்.
எங்களால ஏதும் பிரச்சினைங்களா?"

இல்லை என்றேன்.

விதியின் பக்கத்தில் அதன் எண்ணி.
உதிர்த்தவை: நாற்பத்தொரு லட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம்.
அழித்தால் எண்ணும் சேர்ந்து போகும்.
திரை கேட்டது: உறுதியா? ஆம், இல்லை.
அதற்குள் இன்னொரு லைன் அடித்தது.
ரிசார்ட்.
நூறு வர வேண்டிய இடத்தில்
தொண்ணூற்றாறுதான் வருகிறதாம்.