போகாத மை

ரெஜினாவுக்கு ஒன்பதாம் மாதம்.
வில்லாபுரத்தில் எங்கள் நைட்டி யூனிட்டில்
மிஞ்சின வெட்டுத்துண்டுகளை
ஆறு பேர் ஐந்து வாரம் ஒட்டுப்போட்டு
போர்வை ஆக்கியிருந்தோம்.
மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் காடாத் துணி:
யாருக்கு, யாரெல்லாம் தைத்தது, எந்த வருஷம்.
எழுத்து நல்லாயிருக்கும் என்று
அந்த வேலை என் தலையில்.

எழுகடல் தெருவில் பேனா கேட்டேன்.
"இது போகவே போகாதுக்கா" என்றான் கடைப்பையன்.
நாலு பேனாவுக்கும் அதையே சொன்னான்.
நாலையும் வாங்கினேன்.
நூற்றெண்பது ரூபாய், பில் இல்லை.

துணி நழுவாமலிருக்க அடியில் உப்புத்தாள் வைத்து
ஒவ்வொன்றாலும் என் பெயரையே எழுதினேன்.
கண்ணாத்தாள்.
பேனாவைச் சோதிக்க இதைவிடப் பெயர் கிடையாது,
மூன்றுசுழி இரண்டு, புள்ளி மூன்று.
சி.டி.யில் எழுதுகிற தடிப்பேனா
சுழிக்குள்ளெல்லாம் மை குடித்து வீங்க
ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரியே
கன்னாத்தாள் ஆகிவிட்டேன்.
புள்ளி பொட்டாகிப் பக்கத்து எழுத்தைத் தொட்டது.

சோடா போட்ட வெந்நீர், பிறகு போர் தண்ணி,
பிறகு மொட்டைமாடியில் சித்திரை வெயில்.
மூன்று நாள் என்று நினைத்தேன்,
அழகரைப் பார்க்கப் போய் நாலாகிவிட்டது.

ஜெல் பேனாக்காரி ஆளே இல்லை.
நீலம் ஊதாவாகி
மடிப்பின் மறுபக்கத்தில் இன்னொருத்தியை
இடம் வலமாக அச்சடித்திருந்தது.
தடி அப்படியே, அதே தப்போடு.
மெல்லிசு முனைதான்
டீக்கறை நிறத்துக்கு இறங்கியிருந்தாலும்
சுழி குறையாமல் நான்.

தப்பாக இருந்தாலும் இருக்கட்டுமா,
சரியாக எழுதி மங்கவிடுவதா.
டீ நேரம் முழுக்க இதே சண்டை.
மும்தாஜ் சேங்கொட்டைப் பால் என்றாள்,
சலவைக்குறி துணி கிழிகிறவரைக்கும் நிற்குமாம்.
"பிள்ளை மேலெல்லாம் கொப்புளிச்சிரும்டி" என்றாள் இருளாயி.
ஓட்டுப் போட்ட மை எனக்கு இன்னும் நகத்தில் இருந்தது.
அதை யார் விற்கிறார்கள்?

கடைசியில் மெல்லிசிலேயே இரண்டு தடவை.
எழுதி, ஒரு நாள் காயவிட்டு,
தேய்ப்புப்பெட்டிச் சூட்டில் இறுக்கி,
அதே கோட்டின் மேல் மறுபடி,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
ஆறு பெயருக்கும் இடம் இருந்தது.
நூல் எடுத்துத் தந்தது யாரு என்று
கட்டிங் மாஸ்டர் சங்கிலிமுத்துவும்
ஏழாவதாக நுழைந்துகொண்டார்.

மேல்வரி மட்டும் காலி.
பிறக்காத பிள்ளைக்கு என்ன எழுத?

அதனால் போர்வையோடு பேனாவையும் கொடுத்தோம்.
"மூடியை இறுக்கிப் போடு, முனை காஞ்சிரும்.
உப்புத்தாள் உள்ளேயே மடிச்சு வச்சிருக்கேன்.
அழுத்தாத. என்ன பேரு வச்சாலும்
புள்ளியைக் கடைசியா வை,
வச்ச உடனே கையை எடுத்துரு."

ரெஜினா மூடியைத் திறந்து
புறங்கையில் ஒரு கோடு இழுத்தாள்.
எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.
தேய்த்த விரலை எங்களிடம் காட்டினாள், சுத்தமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தக் கோடு இருந்தது.
சனிக்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை.