கடக்காதவர்களின் கட்டம்

காலை ஏழு மணிக்கு
செவ்வாய்ப்பேட்டைத் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார்கள்.
உள்ளங்கையில் எண்ணும் கருவி.
ஒருவர் சாலையைக் கடந்தால் ஓர் அழுத்து.
மூன்று நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு,
சாப்பாடு தனி என்றார் காண்ட்ராக்டர்.
தனி என்றால் நம் செலவு என்பது
மதியம்தான் புரிந்தது.

படிவத்தில் ஆறு கட்டங்கள்.
ஆண், பெண், பள்ளிப் பிள்ளைகள், முதியோர்,
சுமையோடு, சக்கர நாற்காலியோடு.
ஆறாவது கட்டம் வெள்ளையாகவே கிடந்தது.
இந்த ஊரில் அப்படி யாருமில்லை என்று
யாராவது எழுதிவிடக்கூடும்.
நடைமேடை என் முழங்கால் உயரம்.
அதன்மேல் ஒரு மின்பெட்டி, நாலு பைக்,
பாத்திரக்கடையின் கவிழ்த்த அண்டாக்கள்.

கொலுசுப் பட்டறைப் பையன்கள்
பேச்சை நிறுத்தாமலே இறங்குகிறார்கள்,
ஒரு கையை மட்டும் நீட்டி,
லாரியின் பிரேக்
தங்கள் உள்ளங்கையில் இருப்பதுபோல.
க்ளிக் க்ளிக் க்ளிக்.

எட்டு நாற்பதுக்கு ஓர் அம்மாள்,
மாத்திரைச் சீட்டு கையில்.
மருந்துக்கடை நேர் எதிரே,
நாற்பதடி இருக்கும்.
ஒரு கால் இறக்கினார்.
எடுத்தார்.
மினி பஸ், டெம்போ, தண்ணீர் கேன் வண்டி.
மறுபடி இறக்கினார்.
பதினோரு நிமிடம்.
பிறகு சீட்டை நாலாக மடித்து
இடுப்பில் செருகி
வந்த வழியே போனார்.

என் கட்டைவிரல் பொத்தான்மேலேயே இருந்தது.

அடுத்த முனையிலிருந்த அர்த்தநாரி அண்ணனுக்குப் போன் போட்டேன்.
"தாண்டுனாத்தான் கணக்கு பாப்பா.
நின்னதெல்லாம் கணக்குல வராது."

படிவத்தின் பின்பக்கம் ஏழாவதாக ஒரு கட்டம் வரைந்தேன்.
பால்பாக்கெட்டோடு திரும்பிய பெரியவர்.
தட்டுவடை செட் வேண்டுமென்று கைகாட்டி
இழுத்துப் போகப்பட்ட சிறுமி.
எதிர்க்கடைக்குப் போக ஆட்டோ பிடித்து
பேட்டையைச் சுற்றி வந்து
முப்பது ரூபாய் கொடுத்து இறங்கிய நிறைமாதக்காரி.
அவளை எந்தக் கட்டத்தில் போட?
கடந்தாள்தான்.

மூன்றாம் நாள் ஞாயிறு.
நாலு மணிக்கு ட்ரம் உருட்டி, கயிறு கட்டி,
எட்டு மணி வரை வண்டிகள் வரக்கூடாது என்றது மாநகராட்சி.
சோதனை முயற்சியாம்.
கடைக்காரர்கள் வாசலில் நின்று திட்டினார்கள்.

தெரு காலியானது.
ஆனாலும் எல்லோரும்
ஓரத்திலேயே, ஒருவர் பின் ஒருவராக,
அண்டாக்களில் தோள் உரசிப் போனார்கள்.
நடுவில் இறங்கியது ஒரு நாய் மட்டும்.
அது எப்போதும் அங்கேதான் படுக்கும்.

அரைமணி கழித்து ஒரு பையன்
நட்டநடுவில் உட்கார்ந்து
செருப்பு வாரை மாட்டினான்.
நிதானமாக.
அவன் அம்மா கத்த வாயெடுத்தவள்
இருபுறமும் பார்த்தாள்.
தானும் நின்றாள்.
நிமிர்ந்தாள்.
"சேர்வராயன் மலை இங்கிருந்து தெரியுமா?"
யாரையும் கேட்கவில்லை, சும்மா சொன்னாள்.

அப்புறம் கூட்டம் தெரு முழுக்கப் பரவியது.
எதிர்க்கடையில் விலை கேட்டு, இந்தப் பக்கம் வந்து,
மறுபடி அங்கே போய்,
நடுவில் நின்று வழக்குப் பேசி.
அழுத்திக்கொண்டே இருந்த விரல்
ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது.
கடப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது
எதைக் கடந்தார்கள் என்று எண்ணுவது?

அந்த அம்மாள் வரவில்லை.
அவரிடம் யார் சொல்லியிருப்பார்கள்.

எட்டு மணிக்குக் கயிறு அவிழ்ந்தது.
முதல் ஹாரனுக்கே தெரு பழையபடி சுருங்கியது.
காண்ட்ராக்டரின் ஆள் படிவங்களைப் போனில் படமெடுத்தார்,
முன்பக்கம் மட்டும்.
பின்னால் இருக்கிறது என்றேன்.
பார்த்துக்கலாம் என்றார்.

என் பஸ் எதிர்ப்பக்கம்.
ஒரு கால் இறக்கி
எடுத்து
மறுபடி இறக்கி
கையை நீட்டுகிறேன்.
மூன்று நாள் அழுத்தி வீங்கிய கட்டைவிரல்
எனக்கு முன்னால் போகிறது.