பூண்டு வேணாம்

நாலாவது சனிக்கிழமை.
இதுவரை மாதேஷ் என்னிடம் பேசியது
பதினோரு சொற்கள்.
அதில் ஆறு, "ம்".

செவ்வாய்ப்பேட்டை, தட்டுவடை செட் கடை.
"நீயே சொல்லி வாங்கு" என்றேன்.
பின்னால் வந்தவர்களெல்லாம்
எங்களைத் தாண்டி வாங்கித் தின்று
கையும் கழுவிவிட்டார்கள்.
குறுக்கே விழாதே என்று
பயிற்சியில் சொன்னதால்
நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு செட்டுங்க. ஒண்ணுல பூண்டு வேணாம்."

பாதியை டவுன் பஸ் ஹாரன் தின்றது.
வந்த இரண்டு தட்டிலும் பூண்டு.

பரவாயில்லை என்று கை நீட்டிவிட்டேன்.
இருபத்தாறு வருஷமாய்
வந்ததைத் தின்கிறவள் நான்.

அவன் தட்டைத் திருப்பி வைத்தான்,
காதெல்லாம் சிவந்து.
"அண்ணா, நான் வேற கேட்டேன்."

இரவு படிவம் நிரப்பினேன்.
'முன்னேற்றம்' என்ற கட்டத்தில்
எழுதியது இவ்வளவுதான்:
பூண்டு பிடிக்காது.