கைகளில் சோடியம்

வியாழன் மதியம் பனிவாரும் வண்டியை
வெளியே நிறுத்திவிட்டால் கராஜ் எங்களுடையது.
மைனஸ் இருபத்திரண்டு. மேய்ன் மாநிலத்தின் வடகோடி.
பள்ளிப் பேருந்து வராத சாலையில்லை இது;
வரும்,
எங்கள் வாசலில் மட்டும் வேகம் குறைக்காது.

நாலு பிள்ளைகள், மூன்று பாதுகாப்புக் கண்ணாடி.
ஆன்செல் போட்டிருப்பது
அவன் அப்பா உருளைக்கிழங்குக்கு மருந்தடிக்கும்போது போடுவது;
மூக்கைவிட்டு வழுக்கிக்கொண்டே இருக்கிறது.

நான் வேதியியலில் தோற்றவன்.
முதல் நாளே சொல்லிவிட்டேன்.
"அப்புறம் நீங்கள் எதற்கு?" என்றாள் ஒடீல்.
தீயணைப்பானைப் பிடிக்க, என்றேன்.
பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மூன்று மாதமாய்.
போகப்போக இன்னொரு வேலையும் கொடுத்தார்கள்:
பழைய டோஸ்டரின் குடலிலிருந்து உருவிய கம்பியை
நறுக்கி, நுனியை வளைத்துத் தருவது.

இன்றைக்குத் தீச்சோதனை.
செம்பு பச்சையாய் எரியவேண்டும்,
லித்தியம் செக்கச்செவேலென்று.
பொட்டாசியம்
(என் ரத்த அழுத்தத்துக்காக உப்புக்குப் பதில்
மனைவி வாங்கிவைத்திருக்கும் அந்த டப்பா)
கத்தரிப்பூ நிறத்தில்.

எரிந்ததெல்லாம் மஞ்சள்.
லித்தியம் மஞ்சள். பொட்டாசியம் மஞ்சள்.
செம்பில் மட்டும் மஞ்சளுக்குள்ளே பச்சை மாதிரி ஏதோ.
எதையும் தொடாத வெறும் கம்பியும் மஞ்சள்.

தேடியஸ் புத்தகத்தைப் பார்த்து
நோட்டில் 'ஊதா' என்று எழுதப் போனான்.
லிசெத் அவன் பேனாவைப் பிடித்தாள்.
"பார்த்தாயா?"
"அதுதானே தெரியணும்."
"நீ பார்த்தாயா?"
என் மகள். பதினைந்து வயது.
இரண்டு வருஷம் முன்பு
வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களே என்று
காலை காலை வாந்தியெடுத்தவள்.
அவன் எழுதினான்: மஞ்சள்.

அமிலத்தில் முக்கினார்கள். வாலைநீரில் அலசினார்கள்.
அடுப்பை மாற்றினார்கள். மஞ்சள்.
கடைசியில் ஒடீல்தான் கேட்டாள்,
யாரையும் பார்க்காமல், தீயைப் பார்த்தபடி:
"கம்பியை யார் வளைக்கிறது?"

நேற்று ராத்திரி பதினொன்றிலிருந்து விடியும்வரை
கேரிபூ சாலை முழுக்க உப்புத் தூவியவன் நான்.
"கழுவினேனே" என்றேன்.
கழுவியிருந்தேன்தான்.
ரேகைக்குள், நகக்கண்ணில்,
குளிரில் வெடித்த தோலின் விளிம்பில்.
சிட்டிகைகூட இல்லை, சிட்டிகையின் நினைப்பு.

"அடுப்புக்கு மேலே கொஞ்சம் கை தட்டுங்க."
தட்டினேன்.
தீ முழுக்க மஞ்சள் பொறி,
மத்தாப்புக் கொளுத்தினமாதிரி.
ஆன்செல் சிரித்த சிரிப்பில்
கண்ணாடி கழன்று தரையில் விழுந்தது.

உப்புப் பெறாத விஷயம் என்போமே.
என் உப்பு ஒரு மதியத்தையே தின்றிருந்தது.

ஒடீல் ஓடிப்போய் வந்தாள்.
அவள் வீட்டு ஜன்னலில் நின்று
போன மாதம் உடைந்த நீல மருந்துப்புட்டியின் சில்லு,
காலுறைக்குள் சுற்றி, ஓரமெல்லாம் டேப் ஒட்டி.
மஞ்சளை நீலம் விழுங்கிவிடுமாம்.
கம்பியை யாரும் துடைக்கவில்லை, என்னைத் திட்டவில்லை;
அதே அழுக்குத் தீயைச்
சில்லுக்குள்ளால் பார்த்தார்கள், முறைவைத்து.
தேடியஸ் ரொம்ப நேரம் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் நோட்டை எடுத்தான்.

"அப்பா, அதைக் கீழே வையுங்க. வாங்க."
தீயணைப்பானை வைத்தேன்.
குனிந்தேன்.
இருந்தது. இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது.
அவ்வளவு மெல்லிய ஊதா,
மூச்சு விட்டால் போய்விடும்போல.

ஐந்து மணிக்கு இருட்டு.
எல்லோரையும் அவரவர் வீட்டு ட்ரக் ஏற்றிப்போனது.
லிசெத்தின் நோட்டு மேசையில் திறந்தபடி.
கடைசி வரி:
பிழைக்குக் காரணம் – அப்பா.
மையில்தான் எழுதவேண்டும், அடிக்கக் கூடாது:
எங்கள் ஒரே சட்டம். நான் போட்டதுதான்.

வெளியே பனி பிடித்துவிட்டது.
கையுறையைத் தேடுகிறேன்.
நாலு டன் ஏற்றவேண்டும்.