மூவொன்பது இருபத்தேழு

ஒன்பதாம் வாய்ப்பாடு எனக்கு ஏறவே இல்லை.
கந்தப்ப வாத்தியார் முட்டியில் அடித்தும்,
போட்டட்டாங் துறையில் மூட்டை எண்ணும் அப்பா
நாலு கோடு, குறுக்கே ஒன்று என்று
சாக்கட்டியால் தரையெல்லாம் போட்டுக் காட்டியும்.

டிசம்பர் மாதம். செவ்வாய்க்கிழமை.
மொகிங்கா விற்கும் மா த்வே
தலைச்சுமையை அப்போதுதான் இறக்கினாள்.
வானத்தில் மூன்று மூன்றாய்,
மூன்று மூன்று சேர்ந்து ஒன்பதாய்,
அப்படி மூன்று ஒன்பது.
இருபத்தேழு!

தெருவே அண்ணாந்து நின்றது.
நம்ம விமானம்தான் என்றார் காசிம் பாய்.
எனக்குக் கணக்குப் புரிந்துவிட்ட குஷி.
உள்ளே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த
தம்பி வேலாயுதத்தைக் கத்திக் கூப்பிட்டேன்:
"டேய், எந்திரிச்சு வாடா, வந்து பாரு."

கூப்பிட்டது நான்தான்.

எல்லாரும் சத்தத்தைச் சொல்கிறார்கள்.
எனக்குச் சத்தம் ஞாபகமில்லை.
மொகிங்கா குழம்பு காலில் சூடாக ஓடியது,
ரத்தமென்று நினைத்து அழுதேன்.
மா த்வேயைப் பற்றி
அப்புறமும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தம்பிக்குக் கீறல்கூட இல்லை.
காது இரண்டும் போயிருந்தது.

கப்பலில் இடமில்லை.
நடந்து போகிறவர்கள் போனார்கள்.
அம்மா நிறைமாதம். நாங்கள் ரங்கூனிலேயே இருந்தோம்.
பிறகு வேறு கொடி, வேறு நோட்டு, வேறு விமானம்.
அன்று குண்டு போட்டவன் இப்போது
எங்கள் பக்கத்துக் குழியில் பதுங்கினான்.
அன்று எங்களை ஆண்டவன்
மேலே இருந்து போட்டான்.

ராத்திரி விமானத்தை முதலில் அறிவது தம்பிதான்,
உள்ளங்காலால்.
சங்கு ஊதுமுன் எழுந்து
பலகைத் தரையில் அசையாமல் நிற்பான்.
எதிர்வீட்டுச் சீனத் தச்சர்கூட
அவன் முகத்தைப் பார்த்துத்தான் விளக்கை அணைப்பார்.

குழிக்குள் என் கையை இழுத்து
விரலால் கோடு போடுவான்: எத்தனை?
அந்த இருட்டில் எனக்கென்ன தெரியும்.
ஏதோ ஓர் எண்ணைத் திருப்பிப் போடுவேன்.
இருபத்தேழு மட்டும் போடமாட்டேன்.

போன ஆவணியில் போய்விட்டான்.
ஏன் கூப்பிட்டாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை.
என் குரல் கிழடுதட்டியது அவனுக்குத் தெரியாது.
அவனுக்குள் நான் கடைசிவரை
எட்டு வயதுத் தொண்டையில்,
சோற்றை விட்டு எழுந்து வரச்சொல்லி
கத்திக்கொண்டே இருந்திருப்பேன்.